இதுவா சாதி பேசும் நேரம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஷார்ஜாவில் எங்களுக்கு அது வேலை நாள். அங்கே அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நான் ஒரு கட்டட வேலையிடத்தில் ஏ.சி. மெக்கானிக்குக்கு உதவியாளாக இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மலையாளி நண்பர் ஒருவர் ஓடிவந்து, "நாகப்பட்டினம்தானே உன் ஊர்? கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புயல் தெரியும், வெள்ளம் தெரியும். கடல் எப்படி ஊருக்குள் வரும்? சுனாமி என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கும் அன்றுதான் அந்தச் சொல் அறிமுகம்.

மாலை கேம்ப்புக்குத் திரும்பியபோது மெஸ்ஸில் இருந்த டி.வி.யின் முன்னால் முந்நூறு பேர் நின்றார்கள். வேளாங்கண்ணியைக் காட்டினார்கள். கிறிஸ்துமசுக்கு வந்து தங்கியிருந்த கூட்டம் அலையில் போயிருந்தது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் என்று எனக்குத் தெரிந்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. என் ஊரின் பெயர் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் விடியும்வரை டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்றேன். கார்டில் காசு இருந்தது. லைன்தான் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே கடல். கடலை ஒட்டி மீனவர் குப்பம். அதற்கு மேற்கே ரோடு, ரோட்டுக்கு அப்பால் வயல். வயலைத் தாண்டி எங்கள் தெரு. அரசுப் பதிவேட்டில் காலனி, ஊரார் வாயில் சேரி. வயலில் எங்களுக்கு நிலம் கிடையாது, வேலை மட்டும் உண்டு. கடலில் எங்களுக்குப் படகு கிடையாது. ஆனால் கரையில் வேலை உண்டு. மீன் அள்ள, கூடை சுமக்க, கருவாடு காயவைக்க எங்கள் பெண்கள் விடியற்காலையில் குப்பத்துக்குப் போவார்கள். என் பெரியம்மாவும் அப்படிப் போகிறவர்.

மூன்றாம் நாள் அண்ணன் லைனில் கிடைத்தார்.

"அம்மா நல்லாருக்குடா. அப்பாவும் நல்லாருக்காரு. பள்ளிக்கூடத்து மாடில ஏறிட்டாங்க. பெரியம்மாவத்தான் காணும்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"லாரி லாரியா வருதுடா. நம்ம தெருவுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"ஏண்ணே?"

"நீங்க மீனவரான்னு கேக்குறாங்க. இல்லன்னா, இது பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க."

அந்த வெள்ளிக்கிழமை, டிசம்பர் 31 அன்று, தமிழர்கள் ஓர் உணவக மாடியில் கூடினோம். புத்தாண்டு விழாவுக்கு என்று பிடித்த ஹாலில் இரங்கல் கூட்டம் நடந்தது. இன்ஜினியர்கள், கணக்காளர்கள், கடை முதலாளிகள் முன்வரிசையில். கேம்ப்பிலிருந்து வந்த நாங்கள் பின்வரிசையில். ஒரு நிமிட மௌனம். பிறகு பேச்சு. பேசிய எல்லோரும் ஒரே கருத்தைத்தான் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்: அலைக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது, இயற்கையின் முன்னால் எல்லோரும் சமம், இப்போது நாம் மனிதர்கள் மட்டுமே.

நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். வாழ்க்கையில் மைக் இல்லாமல், ஆனால் கூட்டத்தில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். "நாம் அனுப்பும் பணம் சேரிக்கும் போகுமா சார்? எங்கள் தெருவில் லாரி நிற்கவில்லை என்று அண்ணன் சொல்கிறார்."

தலைமை தாங்கியவர் கோபப்படவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்: "தம்பி, அங்கே பிணம் கிடக்குது. இதுவா சாதி பேசுற நேரம்?"

கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டியதை அன்றுதான் பார்த்தேன். நான் உட்கார்ந்தேன். உண்டியல் வந்தபோது 200 திர்ஹாம் போட்டேன். அது என் சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல். அந்தப் பணம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் கழித்து அதை எழுதுகிறேன்.

ஆமாம், ஐயா. அதுதான் சாதி பேசும் நேரம். அதைவிடச் சரியான நேரம் வேறு கிடையாது.

அலைக்குச் சாதி தெரியாது என்பதை நான் மறுக்கவில்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் குலுங்கியபோது இந்திய நேரம் காலை ஆறரை. அலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரத்தில் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. பதினான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர். அதில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அலை எல்லோரையும்தான் அடித்தது. ஆனால் அலை நின்றது சில நிமிடம். அதற்குப் பின் தொடங்கிய நிவாரணம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அலைக்குத் தெரியாத சாதி நிவாரணத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில், யார் பாதிக்கப்பட்டவர்? படகு இழந்தவர், வலை இழந்தவர், எஞ்சின் இழந்தவர், கடலோரத்தில் வீடு இழந்தவர். இவையெல்லாம் எழுதக்கூடிய இழப்புகள். உப்புநீர் புகுந்த நிலத்துக்கும் உரியவர் உண்டு, பட்டா உண்டு. எனவே அதுவும் எழுதக்கூடிய இழப்பு. ஆனால் அந்த நிலத்தில் களை எடுத்து, கதிர் அறுத்துப் பிழைத்த என் அம்மாவுக்கு என்ன இழப்பு? நிலம் அவருடையதல்ல. உப்பு ஏறிய நிலத்தில் மறுபடி விளையும்வரை அவருக்குக் கூலி இல்லை. அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கரையில் மீன் கூடை சுமந்தவளுக்குக் கூடை மட்டுமே சொத்து. பல தலைமுறைகளாக எங்களுக்குச் சொத்து சேரவிடாமல் செய்தது சாதி. சொத்து இல்லாததால் உனக்கு இழப்பே இல்லை என்று சொன்னது நிவாரணம். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை.

இரண்டாவது, பொருள் எந்த வழியில் போனது? அரசும் தொண்டு நிறுவனங்களும் ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் கொடுத்தன. வேலை எளிது. பஞ்சாயத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தெரியும், தலைக்கட்டுக் கணக்கு இருக்கிறது, சண்டை வராமல் பங்கிடுவார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தலைக்கட்டுக் கணக்கில் சேரி என்றைக்கு இருந்தது? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த அதே கணக்கை எடுத்து அரிசி அளந்தால், அரிசியும் ஊரோடுதான் நிற்கும். அதிகாரி யாரும் "சேரிக்குக் கொடுக்காதே" என்று உத்தரவு போடத் தேவையே இருக்கவில்லை.

மூன்றாவது, முகாம். பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மக்களைத் தங்க வைத்தார்கள். தலித்துகளோடு ஒரே கூரையின்கீழ் இருக்க மாட்டோம் என்று சொன்ன இடங்கள் உண்டு. தலித்துகள் தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாது என்று தடுத்த இடங்கள் உண்டு. எங்கள் ஆட்கள் இரண்டாம் நாளே பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேறி ரோட்டோரத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். யாரும் அடித்து விரட்டவில்லை. ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் ஒரு பார்வை, ஒரு சொல். அது போதும். இவை நான் கற்பனை செய்தவை அல்ல. 2005இன் தொடக்கத்திலேயே பத்திரிகைகள் எழுதின. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் போன்ற பன்னாட்டு அமைப்புகளும் தலித் அமைப்புகளும் அறிக்கை வெளியிட்டன. இருளர் பழங்குடியினர் நிவாரணத்திலிருந்து விடுபட்டதும் அவற்றில் பதிவாகியிருக்கிறது.

நான்காவதுதான் என்னால் இன்றும் தாங்கமுடியாதது. ஆயிரக்கணக்கான உடல்கள் நாகைக் கரையிலும் முட்புதர்களிலும் கிடந்தன. மூன்றாம் நாளுக்குப் பிறகு சொந்தக்காரர்களே நெருங்க முடியவில்லை. யார் எடுத்தார்கள்? பல ஊர் நகராட்சிகளிலிருந்து வண்டிகளில் ஏற்றி வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் எடுத்தார்கள். பெரும்பாலும் அருந்ததியர், மற்ற தலித் சாதியினர். முதல் நாட்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. ராணுவத்தை டி.வி.யில் காட்டினார்கள், நடிகர்களைக் காட்டினார்கள், அதிகாரிகளைப் பேட்டி எடுத்தார்கள். நானும் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். நிவாரண லாரிக்குத் தெரியாத சேரியின் வழி, பிணம் அள்ள ஆள் தேடிய வண்டிக்குத் தெரிந்திருந்தது. சாதி பேசும் நேரமல்ல என்றவர்களே, சாதி பார்த்து ஆள் எடுக்க மட்டும் அது நேரமாக இருந்ததா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது மீனவ மக்கள் மீதான குற்றப்பத்திரிகை அல்ல. அதிகம் இறந்தவர்கள் அவர்கள்தான். அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்ததும் போதாது, கிடைத்ததிலும் இடையில் தின்றவர்கள் உண்டு. சாதிப் படிக்கட்டில் அவர்களும் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். ஆனால் அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையின் சூழ்ச்சியே அதுதான். தன் தலைக்கு மேல் எத்தனை கால்கள் இருந்தாலும், தன் காலுக்குக் கீழே ஒரு தலை இருக்கிறது என்ற நிம்மதியை அது தருகிறது. வீடும் பிள்ளையும் போன பிறகும் ஒருவரிடம் அந்த நிம்மதி மட்டும் போகாமல் இருக்கிறது என்றால், சாதி எவ்வளவு ஆழத்தில் கட்டப்பட்ட கட்டடம் என்று பாருங்கள். கடலால் அதை இடிக்க முடியவில்லை.

என் பெரியம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். உடல் கிடைக்கவில்லை. எந்தக் குழியில் யாரோடு புதைத்தார்களோ தெரியாது. அவருடைய மகன் இறப்புச் சான்றுக்கும் இழப்பீட்டுக்கும் அலைந்தான். குடும்ப அட்டையில் விவசாயக் கூலி என்று இருந்தது. "விவசாயக் கூலிக்குக் கடற்கரையில் காலை ஒன்பது மணிக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். குப்பத்தின் இறந்தோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, ஏனென்றால் அவர் குப்பத்துக்காரர் அல்லர். காலனியின் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் காலனியில் யாரும் சாகவில்லை என்று முதல் வாரமே எழுதி முடித்துவிட்டார்கள். வாழ்ந்தபோது இரண்டு இடத்திலும் உழைத்தவர், செத்த பிறகு இரண்டு பட்டியலிலும் இல்லை.

கடைசியில் என்ன நடந்தது? குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெரியம்மா யாருக்குக் கருவாடு காயவைத்தாரோ, அவர். அலையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். தாலுகா ஆபீசில் மூன்று முறை வந்து நின்று, "அன்னிக்குக் காலையில என்கூடத்தான் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்று சொன்னார். அதன் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. பணம் வர மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த அம்மாவை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கேட்கிறேன்: ஒரு தலித் பெண் இறந்தாள் என்பதை நிரூபிக்க, பிள்ளைகளை இழந்த இன்னொரு பெண்ணின் நல்ல மனதை நம்பித்தான் இருக்க வேண்டுமா? அரசு என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. சுனாமிக்கு மறு ஆண்டு நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. அதன் 61ஆம் பிரிவு, நிவாரணம் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்க்கக்கூடாது என்கிறது. ஆக, சாதி பார்க்கப்படும் என்பதை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. கேம்ப் முன்வரிசைக்குத்தான் அது தெரியவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பாருங்கள். பொய் சொல்லி நிவாரணம் கேட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. சாதி பார்த்து நிவாரணத்தை மறுத்தால்? 61ஆம் பிரிவில் தண்டனை என்று ஒரு வரிகூட இல்லை. ஏழை பொய் சொல்லிவிடுவானோ என்ற பயம் சட்டத்துக்கு இருக்கிறது. அதிகாரி சாதி பார்த்துவிடுவாரோ என்ற பயத்துக்கு அறிவுரை மட்டும் போதும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தார்ப்பாயின்கீழ் கிடப்பவன், நாளைக் காலைச் சோற்றுக்கு எவர் முகத்தைப் பார்க்க வேண்டுமோ அவர் மீதே இன்று இரவு புகார் கொடுப்பான் என்று நம்புகிறீர்களா?

சரி, இது ஒருமுறை நடந்த தவறா? 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கம். அங்கேயும் சாதிக்கொரு முகாம் அமைந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். சாதி மதம் பாராமல் சென்னை ஒன்றாக நின்றது என்று உலகமே பாராட்டியது. நாங்களும் துபாயிலிருந்து பணம் அனுப்பினோம். மழை விட்டதும் அந்த நகரத்தின் குப்பையை அள்ள மறுபடியும் மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தார்கள். மறுபடியும் வெறுங்கை, வெறுங்கால். அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். ஆற்றை வளைத்துக் கட்டிய பெரிய கட்டடங்கள் அங்கேயே நிற்கின்றன. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தது. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று இழப்பீடு கணக்கிட்டார்கள். கணக்கிட வேண்டியதுதான். ஆனால் அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவனுக்கு, மட்டை முடைந்தவளுக்கு எவ்வளவு? சுனாமியில் கேட்ட அதே கேள்வி. பதினான்கு ஆண்டுகள் கழித்தும் படிவத்தில் அந்தக் கட்டம் வரவில்லை.

அடுத்து 2019 டிசம்பர் 2. நான் துபாய்க்கு மாறியிருந்தேன். அமீரகத்தின் தேசிய தினம் அது. விடுமுறை. கட்டடமெல்லாம் கொடி, ராத்திரி வாணவேடிக்கை. காலையில் கண் விழித்துப் போனைப் பார்த்தால் மேட்டுப்பாளையம் நடூர். விடியுமுன் பெய்த மழையில், வசதியான ஒருவரின் வீட்டைச் சுற்றி எழுப்பிய உயரமான கருங்கல் சுவர், கீழே இருந்த தலித் வீடுகள் மீது சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றிருந்தது. அந்தச் சுவர் ஆபத்தானது என்று அந்த மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள். நீதி கேட்டு உடல்களை வாங்க மறுத்துப் போராடியவர்களுக்குக் கிடைத்தது போலீஸ் தடியடியும் கைதும்.

2004இல் எனக்கு எத்தனை பேர் ஆறுதல் சொன்னார்கள் தெரியுமா? பாகிஸ்தானி ஃபோர்மேன் என் தோளைத் தொட்டார். பிலிப்பைன்ஸ்காரர் தன் போனைக் கொடுத்தார். கம்பெனியில் ஒரு நாள் லீவு தந்தார்கள். 2019இல் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்த்த செய்தியில் அது, மழையில் சுவர் இடிந்து விழுந்த விபத்து. ஆனால் தமிழர்கள்? எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டேன். நான்கு பேர் கும்பிடும் கை போட்டார்கள். ஐந்தாவதாக ஒருவர் எழுதினார்: "ஆழ்ந்த இரங்கல். ஆனால் சுவர் விழுந்ததற்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்? இறந்தவர்களை வைத்து அரசியல் வேண்டாம்." பிறகு வாணவேடிக்கைப் படங்கள் வரத் தொடங்கின.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அலை அடித்தால், அலைக்குச் சாதி இல்லை, எனவே சாதி பேசாதே. சாதியே சுவராக நின்று விழுந்து கொன்றால், அது வெறும் மழை, எனவே சாதி பேசாதே. சாதி பேசும் நேரம் ஒருநாளும் வராது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கேள்வியின் வேலை. எது நாட்டின் துக்கம், எது காலனியின் துக்கம் என்று யாரோ பிரித்து வைத்திருக்கிறார்கள். நாட்டின் துக்கத்தில் எங்கள் காசுக்கு இடம் உண்டு. எங்கள் துக்கத்தில் நாட்டுக்கு இடம் இல்லை.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. இங்கே சாதி இல்லை, எல்லாரும் ஒரே கேம்ப், ஒரே மெஸ் என்று நினைத்துக்கொள்கிறோம். அம்பேத்கரும் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்த காலத்தில் தன் தீண்டாமை நினைவையே மறந்திருந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1917இல் பரோடாவில் வந்து இறங்கியதும் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். உலகம் சுற்றி வந்த அறிஞருக்கே அந்த நிலைமை. கடல் தாண்டினால் சாதி கரையும் என்பது, தங்கள் ஊர் வீட்டுக்குப் போன் செய்தால் மூன்றாம் நாளே நிவாரணம் வந்துவிட்டது என்ற பதில் கிடைப்பவர்களின் நம்பிக்கை.

வெறும் கோபத்தோடு முடிக்க விரும்பவில்லை. சாதி பேசுவது என்றால் என்ன செய்வது? அடுத்த புயலோ வெள்ளமோ வரத்தான் போகிறது. அன்று, முதல் நாளே, பணம் திரட்டும் ஒவ்வொரு சங்கத்திலும் எழுந்து கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, யார் கையில் கொடுக்கிறீர்கள்? காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் நேரடியாகப் போகுமா? போன கணக்கைத் தெரு வாரியாகக் காட்டுவீர்களா? பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். நேராக அங்கே வேலை செய்யும் தலித் இயக்கங்களிடம் கொடுங்கள். என்னைப்போல் 200 திர்ஹாமைப் போட்டுவிட்டு இருபது ஆண்டு புழுங்காதீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை வேறு. சொத்து இழப்புக்கு மட்டுமல்ல, கூலி இழப்புக்கும் இழப்பீடு கொடு. கணக்கெடுப்பை ஊர்ப் பஞ்சாயத்திடம் விடாமல் காலனி காலனியாக நீயே போய் எடு. எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று வெளியிடு. 61ஆம் பிரிவை மீறுகிறவருக்குத் தண்டனை எழுது. பிணமும் குப்பையும் அள்ள ஒரு சாதியை மட்டும் வண்டியில் ஏற்றுவதை நிறுத்து. அந்த வேலைக்குக் கருவி வாங்கு, கருவியை இயக்க எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடு.

ஏன் முதல் நாளே பேச வேண்டும்? ஏனென்றால் பட்டியல் முதல் வாரத்தில் எழுதப்படுகிறது. அழுது முடித்து, துடைத்து முடித்து, அறிக்கை தயாரித்து, ஆறு மாதம் கழித்து நாகரிகமாகச் சாதி பேச வருவதற்குள் பட்டியல் முடிந்திருக்கும். முதல் வாரத்தில் விடுபட்ட பெயரைச் சேர்க்க என் பெரியம்மாவின் மகனுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஊர்க் குப்பத்தில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் மாலை போட்டுப் பால் ஊற்றுகிறார்கள். லீவில் போனபோது நானும் போய் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பெரியம்மாவின் பெயர் அதில் இல்லை. அந்தத் தூணுக்கு முன்னால் நின்று நான் என்ன செய்ய வேண்டும், ஐயா? ஒரு நிமிட மௌனமா?

அதைத்தான் இருபது ஆண்டுகளாகச் செய்தேன். போதும்.